இந்த ஓராண்டு புதிதாக எதையும் திறக்காமல் இருக்கலாமா? சங்க உறுப்பினர்கள் கருத்துச் சொல்லுங்கள்

பைக்காரா செயலர்
ஜூலை 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை முதல் தேதியிலிருந்து நம் மதுரை சேவைச் சங்கத்தின் செயலர் பொறுப்பு என் கைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் ஞாயிறு நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்கு முன்னால் இங்கேயே மனம்விட்டுப் பேசிவிட்டால் நல்லது, வெளியூரில் இருப்பவர்களும் கலந்துகொள்ளலாம்.

முதலில் கையிருப்பு. சேமிப்புக் கணக்கில் 86,400 ரூபாய். சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தலில் மிஞ்சிய 11,250-ம் இதில் அடக்கம். வைப்புத் தொகை தனி, அதைத் தொடுவதில்லை. வந்திருக்கும் கோரிக்கைகள் நிறைய. ஒரு பள்ளிக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்பு மெஷின், இன்னொரு பள்ளிக்கு மேசை நாற்காலி, வழக்கமான கண் முகாம், ரத்ததான முகாம், கண்மாய்க் கரையில் பனை விதை. இது போக பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை போட்டு நம் பெயரை எழுதலாம் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு வேறொன்று மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் நாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் குடிநீர் மெஷின் வைத்துக் கொடுத்த பள்ளிக்கு ஒரு வேலையாகப் போனேன். அந்த அறை வாசலில் நம் சங்கத்தின் கிரானைட் பலகை புதுசு போல இருக்கிறது. யாரோ தினமும் துடைக்கிறார்கள் போல. உள்ளே நான்கு குழாய். மூன்றாவது குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, “அது ஓடாதுக்கா, நாங்க வீட்டுல இருந்து கொண்டாருவோம்” என்று தன் பாட்டிலைக் காட்டியது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். “நான் வந்ததுல இருந்தே” என்றது.

பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன். தலைமையாசிரியர் மாறிவிட்டார். மெஷினில் ஒட்டிய போன் நம்பர் அழிந்துவிட்டது. நாம் திறப்பு விழாவுக்கு அப்புறம் ஒரு தடவை கூடப் போகவில்லை. அதுதான் உண்மை.

அன்று ராத்திரி கணக்கு மாமாவின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். அவர் காலமாகி இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. பத்தொன்பது வருஷம் பொருளாளராக இருந்தவர். சிவப்புத் துணி முதுகு வைத்துத் தைத்த நீள நோட்டு. பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. அதில் ஒரு வருஷம் பங்குனியிலிருந்து வாரம் ஒரு வரி: “பள்ளி மரக்கன்று, தண்ணீர் வண்டி, 150.” சித்திரை, வைகாசி, ஆனி எல்லாவற்றிலும் இருக்கிறது. மழை விழுந்ததும் நிற்கிறது. அடுத்த மாசியில் மறுபடியும் தொடங்குகிறது. மூன்று கோடைக்கு இப்படி. ஒவ்வொன்றுக்கும் நேரே வரவுப் பக்கத்தில் அதே 150, பக்கத்தில் “சொந்தம்” என்று ஒரு சொல். நம்மிடம் அவர் இதைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பள்ளியில் இன்றைக்கு வேம்பும் புங்கனுமாகப் பதினொரு மரம் நிற்கிறது. பிள்ளைகள் அதன் அடியில்தான் மத்தியானம் சாப்பிடுகிறார்கள்.

அதனால் கேட்கிறேன். இந்த ஓராண்டு புதிதாக எதையும் திறக்காமல், ஏற்கெனவே செய்ததை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்து, ஓடாததை ஓட வைப்போமா?

விளக்குத்தூண் துணிக்கடை
ஜூலை 3, இரவு 10.25

அக்கா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வசூலுக்குப் போகிறவன் என்ற முறையில் என் கஷ்டத்தையும் சொல்கிறேன். மாசி வீதியிலும் கீழவாசலிலும் கடை கடையாக ஏறி இறங்குவது நானும் இன்னும் இரண்டு பேரும்தான். முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி, “இந்தத் தடவை என்ன செய்யப் போறீங்க?” பள்ளிக்கு மெஷின் என்றால் ஐயாயிரம் எழுதுவார்கள். பழைய மெஷினைப் பழுது பார்க்கப் போகிறோம் என்றால் ஐநூறு வருமா என்று சந்தேகம். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. தான் கொடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையால்தான் இத்தனை வருஷம் நம் சங்கம் ஓடியது.

புது வேலை ஒன்றாவது இருக்கட்டும் என்பது என் கருத்து.

ஜெய்ஹிந்துபுரம் எலெக்ட்ரீசியன்
ஜூலை 4, காலை 6.50

அக்கா, அந்த மெஷினுக்கு வயரிங் செய்தவன் நான்தான். படித்ததும் சங்கடமாகிவிட்டது.

எப்படி நின்றிருக்கும் என்று சொல்கிறேன், எல்லோருக்கும் புரிவது நல்லது. போர்வெல் தண்ணீர் முதலில் மணல் தொட்டி, அடுத்து கரித்தொட்டி, அதற்கு அடுத்து வெள்ளை நூல் சுற்றிய காட்ரிட்ஜ் வழியாக வரும். அப்புறம்தான் பெரிய பம்பு தள்ளி, உப்பைப் பிரிக்கிற மெம்பிரேனுக்குப் போகும். காட்ரிட்ஜில் செம்மண் அடைத்துவிட்டால் பம்புக்குப் போதுமான தண்ணீர் வராது. அழுத்தம் குறைந்தால் மோட்டார் எரிந்துவிடக் கூடாது என்று ஒரு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். பார்ப்பவர்களுக்கு மெஷின் செத்துப்போனது போலத் தெரியும். அந்த நிலையில் காட்ரிட்ஜை மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும், அரை மணி நேர வேலை.

கவலை வேறு இடத்தில். நின்ற மெஷின் ஈரத்தோடு மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மெம்பிரேனுக்குள் வழவழவென்று படலம் பிடித்துவிடும். அது போனால் பல ஆயிரம். அந்தப் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம், நான் அன்றைக்கே மீட்டர் வைத்துப் பார்த்தபோது 1,600-ஐத் தாண்டியது. குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது. அதனால் மெம்பிரேன் இல்லாமல் அங்கே ஒன்றும் ஆகாது.

வேலைக்கு நான் காசு வாங்க மாட்டேன். பொருள் செலவு மட்டும் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். பள்ளியில் ஒரு சொல் சொல்லி வையுங்கள், சனிக்கிழமை போய்த் திறந்து பார்க்கிறேன்.

ஓ நெகட்டிவ்
ஜூலை 4, மதியம் 1.15

ரத்த வங்கியில் வேலை பார்க்கிறவள் என்பதால் ரத்ததானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் முகாமை ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் முதல் தேதியை ஒட்டி வைக்கிறோம். அது தேசியத் தன்னார்வ ரத்ததான நாள். ஜூன் 14 உலக ரத்ததானிகள் தினம். இந்த இரண்டு தேதியை ஒட்டி ஊரில் எல்லாக் கல்லூரியும் எல்லாச் சங்கமும் முகாம் நடத்துகின்றன. பை நிறைய வரும், சந்தோஷம்தான். ஆனால் சிவப்பணுவைப் பிரித்துப் பக்குவமாக வைத்தால்கூட 42 நாள்தான் தாங்கும். தட்டணுவுக்கு (பிளேட்லெட்) ஐந்தே நாள். இன்று கொடுத்தது அடுத்த கோடைக்கு உதவாது.

திண்டாட்டம் எப்போது தெரியுமா? சித்திரை, வைகாசியில். கல்லூரி விடுமுறை, மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வெயிலில் யாரும் வெளியே வர மாட்டார்கள். ஆனால் பெரியாஸ்பத்திரிக்குச் சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், தேனி என்று சுற்றிலும் இருந்து வருகிற விபத்துக் கேஸும் பிரசவக் கேஸும் அப்போதும் குறையாது. ஒரு தடவை மே மாதம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு நெகட்டிவ் குரூப் தேவைப்பட்டது. அவள் தகப்பனார் ரத்த வங்கி வாசலில் துண்டைக் கையில் சுற்றியபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கும் அதே குரூப். ஆனால் நான் கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் போன் போட்டு வந்து கொடுத்தவர் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர்தான், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அதனால் ஒரே நாளில் இருநூறு பேரைக் கூட்ட வேண்டாம். உறுப்பினர்களும் குடும்பத்தாரும் குரூப் வாரியாக ஒரு பட்டியல் போடுவோம். 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். யார் கடைசியாக எப்போது கொடுத்தார் என்பதைப் பட்டியலிலேயே எழுதி வைத்தால் கூப்பிடுவது சுலபம். முகாமை மே மாதத்துக்கு மாற்றுவோம், அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய அடுத்த வாரம்.

ஷார்ஜா மதுரைக்காரன்
ஜூலை 4, இரவு 11.05

நான் வருஷம் பத்தாயிரம் அனுப்புகிறேன். அது எதற்குச் செலவானது என்று கணக்கு மாமா மட்டும்தான் கடிதம் எழுதுவார். போன வருஷம் வந்த கடைசிக் கடிதத்தில் நான் கொடுத்ததில் 38 ரூபாய் மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த 38 ரூபாயை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

பழுது பார்க்கப் பணம் தருவார்களா என்று அண்ணன் கேட்டார். நான் தருகிறேன். இந்த வருஷப் பத்தாயிரமும் அதற்கே. ஒரு சந்தேகம், இங்கே என்னுடன் இருக்கும் நண்பர்கள் இரண்டு பேரும் அனுப்பத் தயார். ஒருவர் இந்திய பாஸ்போர்ட், இன்னொருவர் குடியுரிமை மாறிவிட்டார். இருவரிடமும் வாங்கலாமா?

புதுப் பொருளாளர்
ஜூலை 5, காலை 8.30

தம்பி, இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வோம். குடியுரிமை மாறியவரிடம் வாங்க வேண்டுமானால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி நமக்குப் பதிவு வேண்டும். அது நம்மிடம் இல்லை. அவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள், ஊருக்கு வரும்போது ஒரு நாள் முகாமில் வந்து வேலை செய்யட்டும்.

உள்ளூர்க்காரர்களுக்கும் ஒன்று. வருமான வரிக் கழிவுக்காக 80ஜி ரசீது கேட்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள். கழிவு கிடைக்காது. வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புங்கள். பான் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால்தான் நாங்கள் வருமான வரித் துறையில் தாக்கல் செய்து உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தர முடியும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கிடையாது, பிறகு வருத்தப்பட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வண்டியூர் வாத்தியார்
ஜூலை 5, மாலை 5.20

செயலர் அம்மாவின் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அனுபவத்தில் நம் சங்கம் செய்ததிலேயே பழுதில்லாமல் ஓடியது கண் முகாம் ஒன்றுதான். அது ஏன் என்று யோசித்துப் பார்த்தால் இந்த விவாதத்துக்கு உதவும்.

அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-இல் ஆரம்பித்தபோது மொத்தம் பதினோரு படுக்கை. அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயதில், முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு ஆரம்பித்தார். ஆரம்பத்திலேயே அவர்கள் கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்தினார்கள். புரை இருக்கிறது, மதுரைக்கு வந்து ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், இலவசம் என்று சொல்லி அனுப்பினால் நிறையப் பேர் வரவே மாட்டார்கள். பஸ்ஸுக்குக் காசு இருக்காது. கூட வர ஆள் இருக்காது. வந்தால் இரண்டு மூன்று நாள் கூலி போகும், ஆட்டை யார் பார்ப்பது, கோழியை யார் அடைப்பது. இலவசம் என்ற ஒரு சொல் மட்டும் இதற்கெல்லாம் போதவில்லை.

அதனால்தான் இப்போது முறையே வேறு. முகாமிலேயே பார்த்து, தேர்வானவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு அழைத்துப் போவார்கள். ஆபரேஷன், லென்ஸ், சாப்பாடு, படுக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. திரும்பவும் ஊரிலேயே கொண்டுவந்து விடுவார்கள். பிறகு ஒரு நாள் மறுபரிசோதனை. கண்ணாடி வேண்டியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்திலேயே செய்து கொடுத்துவிடுவார்கள். லென்ஸ் விலை கட்டுப்படியாக வேண்டும் என்று 1992-இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

நம் வேலை என்ன? இடம், பந்தல், ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, நோட்டீஸ், வந்தவர்களுக்கு உட்கார நிழல். நான் ஒரு தடவை முகாமுக்கு முந்தின நாள் திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மைக் ஆட்டோவோடு போனேன். ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, “எம்பேத்தி மொகத்தப் பாத்து ரெண்டு வருசமாச்சு சாமி” என்றார். அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது என்னைத் தெரியவில்லை அவருக்கு. குரலைக் கேட்டதும், “ஓ, நீங்கதானா, இம்புட்டு வயசானவரா” என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

நான் சொல்ல வந்தது, பாட்டி திரும்பி வருகிற நாள் வரைக்கும் சேர்த்து அந்த முகாமைத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நம் மெஷினை நாம் ரிப்பன் வெட்டுகிற நாள் வரைக்கும் மட்டும் திட்டம் போட்டோம்.

மாடக்குளம் மண்
ஜூலை 6, காலை 7.10

வாத்தியார் ஐயா சொன்னதைப் பனைக்கும் பொருத்திப் பார்க்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புரட்டாசியில் கண்மாய்க் கரையில் பனை விதை ஊன்றினோம் இல்லையா, அதை நான் விடாமல் பார்த்துக்கொண்டு வருகிறேன். பனைக்குத் தண்ணீர் வண்டி வேண்டாம், உண்மைதான். ஆனால் கண்ணில் படுகிற குருத்துக்கு முன்னால் அது பூமிக்குள் கிழங்கு விடும். தை பிறந்ததும் பையன்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். பொங்கலுக்குக் கிழங்கு யாருக்குத்தான் பிடிக்காது! கரையின் வடக்குப் பக்கம் வரிசையாக ஊன்றியதில் பாதிக்கு மேல் போய்விட்டது. பையன்களைத் திட்டி என்ன செய்ய, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அந்தப் பையன்களையே கூப்பிட்டேன். கிழங்குக்கென்று வீட்டுப் பக்கத்தில் மண்ணைக் குவித்துத் தனியாக ஒரு மேடை போட்டுக் கொடுத்தோம். கரையில் ஊன்றுவதை அவர்களே ஊன்றினார்கள். பத்தடிக்கு ஒன்று, ஒரு அடி ஆழம். ஆளுக்கு இருபது விதை, அவரவர் எண்ணிக்கை அவரவர் பொறுப்பு. இந்த வருஷம் ஆனியில் போய் எண்ணிப் பார்த்தோம், 140 ஊன்றியதில் 93 குருத்து விட்டிருக்கிறது. ஆடு கடித்தவை கொஞ்சம். தெற்குப் பக்கம் சீமைக்கருவேலம் மூடிக்கொண்ட இடத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பனை நம் மாநில மரம். காய்க்கிற வயசு வருவதற்குள் இந்தப் பையன்களுக்குக் கல்யாணமே ஆகிவிடும். அவ்வளவு காலம் யாராவது எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் வடையும் டீயும்தான்.

கல்லூரித் தம்பி
ஜூலை 6, காலை 9.45

அண்ணே, அந்த 93-ஐயும் போனில் மேப்பில் புள்ளி வைத்துக் கொடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் எண்ணுவது சுலபம். அடுத்த ஞாயிறு வரட்டுமா?

மாடக்குளம் மண்
ஜூலை 6, காலை 9.58

வா தம்பி. காலை ஆறரைக்கு வந்துவிடு, வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம். செருப்புப் போடாதே, ஷூ போட்டு வா. முள் இருக்கிறது.

பழங்காநத்தம் மகள்
ஜூலை 7, இரவு 8.15

நான் கணக்கு மாமாவின் மகள். அப்பா உங்களுக்கெல்லாம் மாமா. இந்தப் பக்கம் செயலர் அக்காதான் காட்டினார். தண்ணீர் வண்டி விஷயம் எங்களுக்கும் தெரியாது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “சனிக்கிழமை சாயங்காலம் எங்க போறாருன்னு நான் கேட்டதே இல்ல” என்றார்.

அப்பாவின் கண்தானத்தைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். சங்கத்தில் அடிக்கடி அறிவிக்கிற விஷயம் என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

விடியற்காலை நாலேகாலுக்கு உயிர் பிரிந்தது. அழுகைக்கு நடுவில் எனக்கு முதலில் அது நினைவே வரவில்லை. வாத்தியார் ஐயாதான் போனில், “ஆறு மணி நேரத்துக்குள்ள சொல்லணும்மா” என்றார். அரவிந்தில் இருக்கிற கண் வங்கிக்குப் போன் செய்தோம். அவர்கள் சொன்னபடி ஃபேனை நிறுத்தினோம், தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்தினோம், இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள், அறையில் இருந்தவர்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். இருபது நிமிஷம்தான்.

பெரியப்பா வீட்டில் முகம் விகாரமாகிவிடும் என்று பயந்தார்கள். வந்து பார்த்தபோது அப்பா தூங்குகிற மாதிரியே இருந்தார். எழுபத்தெட்டு வயசு, சர்க்கரை, கண்ணாடி எல்லாம் இருந்தது. எதுவும் தடை இல்லை. கருவிழி யாருக்குப் போகிறது என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை. எதிரே நடந்து வருகிறவர்களின் கண்களை இப்போது கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

நோட்டு உங்களிடமே இருக்கட்டும் அக்கா. பக்கம் தீரும் வரைக்கும் அதிலேயே எழுதுங்கள்.

ஓ நெகட்டிவ்
ஜூலை 7, இரவு 9.02

தங்கச்சி, ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நன்றி.

விளக்குத்தூண் துணிக்கடை
ஜூலை 8, காலை 11.30

நான் முதலில் எழுதியதை மறுத்து எழுத வந்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். நம் ஊரில் செய்முறை எப்படி நடக்கிறது? கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போய் மொய் எழுதுகிறோம். நோட்டில் ஊர், பெயர், தொகை. அந்த நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, இருபது வருஷம் கழித்துக்கூட எடுத்துப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். கொடுத்த பணம் மறக்கப்படாது என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறவன் எழுதுகிறான். கடைக்காரர்களிடம் நாம் வாங்கிய பணத்துக்கு அந்த மாதிரி பதிலைச் சொல்லவே இல்லை.

இன்று காலை சோதித்துப் பார்த்தேன். மெஷினுக்கு அப்போது ஐயாயிரம் கொடுத்த ஒரு முதலாளியிடம் போய், நீங்கள் கொடுத்தது ஓடாமல் நிற்கிறது, தப்பு எங்களுடையது, சரி செய்யப் போகிறோம் என்று நேராகச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “இதச் சொல்ல வந்த மொத ஆளு நீங்கதான்” என்று சொல்லி இரண்டாயிரம் அனுப்பினார். பான் எண்ணும் கொடுத்துவிட்டார்.

அதனால் என் யோசனை. இனிமேல் எதற்கு வசூலித்தாலும் மூன்றில் ஒரு பங்கைப் பின்னால் வரும் பராமரிப்புக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுவோம். ரசீதிலேயே அதை அச்சடிப்போம். நிழற்குடையை இந்த வருஷம் விட்டுவிடலாம். தீபாவளிக்கு முன்னால் சுங்குடிச் சேலை விற்பனை வைப்போம், சாயம் போடுகிறவர்களிடமே நேராக வாங்கி. போன தடவை மகளிர் அணி மூன்று நாளில் விற்றுத் தீர்த்தார்கள். லாபம் முழுதும் பராமரிப்புக்கு.

பைக்காரா செயலர்
ஜூலை 13, இரவு 9.15

குழு கூடியது. இருபத்தியாறு பேர் வந்தார்கள், இவ்வளவு பேர் வந்து நாளாயிற்று. துணிக்கடை அண்ணன் சொன்ன மூன்றில் ஒரு பங்கை ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம். ஓராண்டுக்குப் புது மெஷின், புதுக் கட்டுமானம் எதுவும் இல்லை. மேசை நாற்காலி கேட்ட பள்ளியில் ஒரு அறை முழுக்க உடைந்த பெஞ்சு கிடப்பதாக வாத்தியார் ஐயா பார்த்துவிட்டு வந்தார். தச்சர் ஒருவரை நான்கு நாள் அமர்த்தினால் பெரும்பாலானவை தேறும் என்கிறார். கண் முகாம் வழக்கம் போல ஐப்பசிக்கு முன்னால். ரத்ததான முகாம் மே மாதம், அதற்குள் குரூப் பட்டியல் தயாராகிவிடும். இதுவரை 58 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

நீர்மோர்ப் பந்தலுக்கு வாங்கிய எவர்சில்வர் டம்ளர் 300-ல் 259 இருக்கின்றன. 2019-லிருந்து பிளாஸ்டிக் கப்புக்குத் தடை இருப்பதால் டம்ளர்தான் வழி. குறைந்ததை வாங்கி வைப்போம்.

உறுப்பினர் செய்தி: விளாங்குடித் தம்பிக்குப் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். நம் தையல் அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார், மாலை நேரத்தில் போய்ப் பார்த்தால் சந்தோஷப்படுவார். மகளிர் அணியிலிருந்து கணக்கு மாமா மகளைப் புது உறுப்பினராக முன்மொழிந்தோம். அவர் சம்மதித்திருக்கிறார்.

ஜெய்ஹிந்துபுரம் எலெக்ட்ரீசியன்
ஜூலை 19, மாலை 6.40

இரண்டு சனிக்கிழமை ஆகிவிட்டது, மன்னியுங்கள். போன வாரம் திறந்து பார்த்தேன். காட்ரிட்ஜ் செங்கல் நிறத்தில் கட்டியாக இறுகிப்போயிருந்தது. விரலால் அமுக்கினால் அமுங்கவில்லை. மாற்றியதும் மோட்டார் உடனே பிடித்தது. ஆனால் பயந்த மாதிரியே மெம்பிரேன் போய்விட்டது. 1,640 உள்ளே போனால் வெளியே 900-க்கு மேல் வந்தது. இன்று புது மெம்பிரேன் போட்டு, மணல் தொட்டியையும் கரித்தொட்டியையும் பின்னோக்கி அலசிவிட்டு, முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் பார்த்தேன். 110.

குளவிக் கூட்டை எடுத்துவிட்டேன், நான்கு குழாயும் வருகிறது. என் நம்பரையும் செயலர் அக்கா நம்பரையும் பெயிண்டால் சுவரிலேயே எழுதிவிட்டேன். காட்ரிட்ஜ் எப்படி மாற்றுவது என்று வாட்ச்மேன் அண்ணனுக்கும் காட்டியிருக்கிறேன். கழிவாக வரும் தண்ணீரில் உப்பு அதிகம், மரத்துக்கு விட வேண்டாம், கழிப்பறைக்குத் திருப்பி விட்டிருக்கிறேன்.

பைக்காரா செயலர்
ஜூலை 20, காலை 7.05

தம்பி, மாமா நோட்டில் எழுதிவிட்டேன். காட்ரிட்ஜ் இரண்டுக்கு 640. மெம்பிரேன் 9,800. பெயிண்ட், பிரஷ் 115. கூலி 0, அதற்கு நேரே வரவுப் பக்கத்தில் “எலெக்ட்ரீசியன் தம்பி, இரண்டு சனிக்கிழமை” என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த காட்ரிட்ஜ் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை மாற்ற வேண்டும். யார் போகிறீர்கள்?

கல்லூரித் தம்பி
ஜூலை 20, காலை 7.31

நான் போகிறேன் அக்கா. சாவி யாரிடம் இருக்கும்?

ஜெய்ஹிந்துபுரம் எலெக்ட்ரீசியன்
ஜூலை 20, காலை 7.44

வாட்ச்மேன் அண்ணனிடம். காட்ரிட்ஜ் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றுகிற ஸ்பேனர் என் வீட்டில் இருக்கிறது, முந்தின நாள் வந்து வாங்கிக்கொள். முதலில் மெயினை அணைத்துவிட்டுக் கழற்று.